எலி அறைக்கு ஒரு பார்சல்

மார்ச் பதினோராம் தேதி செவ்வாய்க்கிழமை காலை, பல்கலைக்கழக நிர்வாகக் கட்டடத்தின் தரைத்தளத்தில் உள்ள அஞ்சலறையின் கதவில் ஓர் உத்தரவு ஒட்டப்பட்டது. காணாமல் போன விடைத்தாள் கட்டு அன்று மாலை நான்கு மணிக்குள் கிடைக்காவிட்டால் அஞ்சலறைப் பொறுப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்படுவார் என்று அதில் இருந்தது. கீழே பதிவாளரின் கையெழுத்து.

பசை காய்வதற்குள் சித்தியும் வாலும் பதிவாளரின் அறையில் உட்கார்ந்திருந்தார்கள்.

சித்தி துப்பறியும் நிறுவனத்தின் உரிமையாளர். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குக் காட்டியவர்களைப் பிடித்தே தலை நரைத்து, பிறகு சொந்தமாகப் பலகை மாட்டியவர். வால் அவருடைய அக்கா மகன். சின்ன வயதில் செய்த சேட்டைக்கு வீட்டில் வைத்த பெயர் அது. முப்பது வயதில் ஆட்களைப் பின்தொடர்வதே பிழைப்பாகிவிட்டதால் பெயரை மாற்ற வேண்டிய அவசியம் வரவில்லை. நிறுவனத்தில் மூன்றாவது ஆள் கிடையாது. வேலை நேரத்தில் தன்னை மேடம் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சித்தி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "சரி சித்தி" என்று வாலும் ஒப்புக்கொண்டிருந்தான்.

பதிவாளரின் நாற்காலி, அவருக்கு முன்பு அந்தப் பதவியில் இருந்த நெட்டை மனிதருக்காகச் செய்தது. இவர் அதில் சிம்மாசனத்தில் இருப்பதுபோல நிமிர்ந்து, வசதியாக உட்கார்ந்திருந்தார். மேசையின் முன்பக்கம் தரைவரை பலகை அடைத்திருந்தது.

"இணைப்புக் கல்லூரியிலேர்ந்து இறுதியாண்டு வரலாற்றுத் தாள் கட்டு பதிவுத் தபால்ல வந்திருக்கு. அஞ்சலறையில கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்காங்க. அதோட சரி. கற்பூரம் மாதிரி கரைஞ்சு போச்சு" என்றார் அவர்.

"யார் பேருக்கு வந்தது?" சித்தி கேட்டார்.

"வரலாற்றுத் துறைப் பேராசிரியர் பேருக்கு. அவர் ஆராய்ச்சி விடுப்புல வெளிநாடு போயாச்சு. அது தெரியாம அவருக்கே திருத்த அனுப்பிட்டாங்க. போறப்போ பெரிய பிரிவு உபசாரம் நடத்தினோம். சூட்கேஸ் வாங்கிக் குடுத்தோம். நானே ஒரு மணி நேரம் பேசினேன்."

"அதுதான் மனுஷன் திரும்பியே பார்க்கலை போல" என்று வால் தனக்குள் முணுமுணுத்தான். சித்தியின் செருப்பு அவன் காலைத் தேடி வந்து மிதித்தது.

பதிவாளர் காதில் அது விழவில்லை. "அந்தப் பொறுப்பாளர் அம்மாவைக் கேட்டா, முகவரி மாத்தி அவருக்கே அனுப்பிட்டேங்கறாங்க. என்ன முகவரின்னு கேட்டா சொல்ல மாட்டாங்களாம்! ஒருத்தர் குடுத்துட்டுப் போன மாற்று முகவரியை இன்னொருத்தருக்குச் சொல்றது அஞ்சலறையில வழக்கம் இல்லையாம். என்கிட்டயே சொல்றாங்க! என்கிட்ட!"

கோபத்தில் மேசைக்கடியில் காலால் உதைத்தார். பொத், பொத் என்று சத்தம் வந்தது.

"அவர் பேருக்கு இங்கேயிருந்து எந்த ஊருக்கும் ஒரு கடுதாசிகூடப் போகலைன்னு ஊர்த் தபால் நிலையத்துல விசாரிச்சாச்சு. அப்ப இந்தம்மா சொல்றது பச்சைப் பொய். இதுல இன்னொண்ணு கேளுங்க. அவங்க பொண்ணும் அதே வகுப்புலதான் பரீட்சை எழுதியிருக்கு. மார்க்கை மாத்தத்தான் கட்டை அமுக்கிட்டாங்க. போலீசுக்குப் போனா மானம் போயிடும். அதான் உங்களைக் கூப்பிட்டேன். திருட்டை நிரூபிச்சுக் குடுங்க."

"கட்டைக் கண்டுபிடிக்கணுமா, திருட்டை நிரூபிக்கணுமா?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"பார்க்கலாம்" என்றார் சித்தி.

விடைகொடுக்கப் பதிவாளர் எழுந்தார். எழுந்ததும் உட்கார்ந்திருந்ததைவிடக் குள்ளமாகிப் போனார்.

வெளி அறைக்கு வந்ததும் வால் கேட்டான். "மேடம், அவர் இப்ப எழுந்தாரா, இறங்கினாரா?"

சித்தி சுவரில் தொங்கிய அட்டையைப் படித்துக்கொண்டிருந்தார். 'அனுப்புநர் பெயர் இல்லாத பார்சல்களைப் பிரிக்கக் கூடாது. பதிவாளர் உத்தரவு.' அட்டைக்குக் கீழே உட்கார்ந்திருந்த உதவியாளர், கேட்காமலே விளக்கம் சொன்னார்.

"பேர் இல்லாட்டிப் பிரிக்கக் கூடாதும்மா. அப்படியே வெச்சுடணும்."

"வெச்சு?" என்றான் வால்.

"வெச்சு... அவ்வளவுதான். உத்தரவுல அதுக்கு மேல ஒண்ணும் இல்லை."

*

அஞ்சலறையில் பசை வாசனையும் சணல் வாசனையும் கலந்து அடித்தது. ஒரு சுவர் முழுக்க மரக் கட்டங்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு துறையின் பெயர். வளாகமே தபாலக்கா என்று கூப்பிடும் பொறுப்பாளர், இடது கையில் கடிதக் கற்றையை வைத்துக்கொண்டு வலது கையால் வீசிக்கொண்டிருந்தார். பார்வை வந்தவர்கள் மேல் இருந்தது. கடிதங்கள் பாட்டுக்குத் தத்தம் கட்டங்களில் போய் விழுந்தன.

"அக்கா, நாங்க..." என்று வால் தொடங்கினான்.

"தெரியும். திருடியைப் பார்க்க வந்திருக்கீங்க. உக்காருங்க. அந்த மூட்டை மேல வேண்டாம், அது இயற்பியல்."

சித்தி மூட்டைக்கு வலிக்காமல் தள்ளி உட்கார்ந்தார். "நீங்க எடுத்திருப்பீங்கன்னு எனக்குத் தோணலை. முகவரியை என்கிட்ட மட்டும் சொல்லிடுங்களேன். விஷயம் முடிஞ்சுடும்."

"என்கிட்ட மட்டும்னு சொல்லித்தான் எல்லாரும் கேக்கறாங்க."

"வேலை போயிடுமே?"

"போனா என்ன பண்றது? நாளைக்கு உங்களுக்கு வர்ற தபால் எங்க போகுதுன்னு உங்க வீட்டுக்காரர் வந்து கேப்பார். நான் சொல்லணுமா?"

"எனக்கு வீட்டுக்காரர் கிடையாது."

"அப்ப அவர் கேக்க மாட்டார். மத்தவங்க வீட்டுல இருக்காங்களே!" ஒரு தடித்த உறை பறந்துபோய் வேதியியலில் விழுந்தது. தபாலக்காவின் குரல் கொஞ்சம் இறங்கியது. "அம்மா திருடின்னு காலேஜ்ல பேசறாங்கன்னு என் பொண்ணு சாப்பிடாம இருக்கா. எங்க அனுப்பினேன்னு சொல்லித் தொலையேன்னு அவளும் கேட்டா. அவகிட்டயே சொல்லலை. உங்ககிட்டயா சொல்லப் போறேன்?"

சித்தி தலையாட்டினார். வால் அறையைச் சுற்றிப் பார்த்தான். பின்பக்கம் ஒரு சின்னக் கதவு. அதில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. 'உரிமை கோரப்படாத தபால்கள். உள்ளே எலித் தொல்லை உண்டு. திறக்க வேண்டாம்.' அந்த எச்சரிக்கைக்கு நேராக, ஓரத்தில், சிவப்புப் பென்சிலால் யாரோ சின்னதாக எழுதியிருந்தார்கள்: 'ஆதாரம்?'

"மேடம், இங்க பாருங்க. எலி இருக்குன்னா ஆதாரம் கேக்கறாங்க. கேட்டது யாரு, பூனையா?"

சித்தி அந்தக் காகிதத்தைக் கிட்டே போய்ப் பார்த்தார். பிறகு தபாலக்காவைப் பார்த்தார். தபாலக்கா முதல் தடவையாகக் குறி தவறி, கணிதத்துக்குப் போக வேண்டியதைத் தாவரவியலில் போட்டார்.

*

பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே தரைவிரிப்பு விற்கும் கடை ஒன்று இருந்தது. சித்தி உள்ளே போய் விரிப்பு எதையும் கேட்கவில்லை. விரிப்பைச் சுற்றி வைக்கும் அட்டைக் குழாயைக் கேட்டார். கடைக்காரர் சந்தேகத்தோடு ஒன்றைக் கொடுத்தார். நிறுத்தி வைத்தால், வால் கையைத் தூக்கினாலும் அதன் நுனி எட்டாது.

"சித்தி, இது எதுக்கு?"

"மேடம்."

"மேடம், இது எதுக்கு?"

"பேராசிரியருக்குத் தபால். மாற்று முகவரியை அந்தம்மா சொல்ல மாட்டாங்க. ஆனா அனுப்பாம இருக்க முடியாதே. நாம தபாலைப் பின்தொடரலாம்." சித்தி ஒரு காகிதத்தில் ஏதோ எழுதிச் சுருட்டிக் குழாய்க்குள் போட்டார். "உன் சிவப்புக் கைக்குட்டையைக் குடு."

"அது எங்கம்மா குடுத்தது."

"எங்கக்கா குடுத்ததுதானே, குடு." லாரியில் ஏற்றிய நீளக் கம்பிக்குக் கட்டுவதுபோல அதைக் குழாயின் நுனியில் கட்டினார். "எங்க போனாலும் ஆள் தலைக்கு மேல தெரியும். இதை நான் அஞ்சலறையில குடுத்துடறேன், நீ வண்டிக்குப் பின்னால போ."

அஞ்சலறையின் தள்ளுவண்டிக்காரரை எல்லோரும் எக்ஸ்பிரஸ் என்று கூப்பிட்டார்கள். ஆமையும் அவரும் சேர்ந்து கிளம்பினால் ஆமை நின்று காத்திருக்க வேண்டிவரும். நண்பகல் வெயிலில் அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு புறப்பட்டதும், வால் செடி செடியாகப் பதுங்கிப் பின்னால் போனான். வேதியியல் கட்டடத்தில் எக்ஸ்பிரஸ் காவலாளியோடு முட்டிவலி பற்றிப் பேசினார். நூலகத்தில் தண்ணீர் குடித்தார். புவியியல் கட்டடத்தின் வாசலில் திரும்பாமலே குரல் கொடுத்தார்.

"தம்பி, அந்தச் செடில எறும்பு இருக்கு. வெளிய வா."

வால் வந்தான். கழுத்தில் எறும்பும் வந்தது.

"பின்னாலதான் வர்றே. சும்மா வர்றதுக்கு இந்த மூட்டையைத் தூக்கிக்கோ. லிஃப்ட் ரிப்பேர். மூணாவது மாடி."

அதற்குப் பிறகு வால் புவியியலுக்கும் பொருளாதாரத்துக்கும் தத்துவத்துக்கும் தபால் கொடுத்தான். தத்துவத் துறையில் ஒருவர், கடிதம் வந்துவிட்டதா என்று அவனையே கேட்டார். வந்தது என்று கையில் கொடுத்த பிறகும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. கடைசிக் கட்டடத்தில் வண்டி காலியானபோதுதான் வாலுக்குப் பொறி தட்டியது.

"அண்ணே, காலைல நீளமா ஒரு குழாய் வந்துச்சே?"

"அதுவா? அது என் வண்டில ஏறவே இல்லையே."

"இதை முதல்லயே சொல்லக் கூடாதா?"

"நீ முதல்லயே கேக்கக் கூடாதா?"

வால் வியர்வையில் குளித்தபடி நிர்வாகக் கட்டடத்துக்குத் திரும்பினான். சித்தி கட்டடத்தின் பின்பக்கம், மரநிழலில் சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். பொட்டலத்தில் தோல்தான் மிச்சம்.

"குழாய் எங்கேயும் போகலை."

"தெரியும்."

"தெரியுமா? அப்ப என்னை எதுக்கு வெயில்ல விரட்டினீங்க? மூணு மாடி ஏறினேன் சித்தி! என் வேலை பின்தொடர்றது. தபால் குடுக்கறது இல்லை."

"நீ போய்ப் பார்த்ததாலதானே வெளிய போகலைன்னு நிச்சயமாச்சு. இப்ப யோசி. முகவரி மாத்தி அனுப்பினேன்னு அந்தம்மா சொல்றாங்க. வளாகத்தை விட்டு எதுவும் போகலைன்னு பதிவாளர் சொல்றார். ரெண்டு பேரும் உண்மை சொன்னா?"

வால் யோசித்தான். வெயில் மூளைவரை இறங்கியிருந்தது. "ரெண்டு பேரும் உண்மை சொன்னா... முகவரி வளாகத்துக்குள்ளயே இருக்கணும்."

"மேல பார்."

சுவரின் உச்சியில் சின்ன வெண்டிலேட்டர். அதன் கம்பிகளுக்கு நடுவே ஒரு நீள அட்டைக் குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நுனியில் அம்மா கொடுத்த கைக்குட்டை காற்றில் ஆடியது.

"அந்த அறைக்குள்ள அதைப் படுக்க வைக்க இடம் இல்லை. நிறுத்தினா கூரை இடிக்கும்" என்றார் சித்தி. "எலி அறைதான். எச்சரிக்கைக்குக்கூட ஆதாரம் கேக்கற எலி. அந்தப் பழக்கம் உலகத்துல ஒரே ஜாதிக்குத்தான் உண்டு. ஆயுசு பூரா மாணவங்க கட்டுரையைத் திருத்தினவங்களுக்கு."

*

பின்கதவை மறித்துத் தபாலக்கா நின்றார்.

"நீங்க எதையும் சொல்ல வேண்டாம்" என்றார் சித்தி. "இதுவரைக்கும் சொல்லவும் இல்லை. குழாய்தான் சொல்லிச்சு."

தபாலக்கா வாயைத் திறப்பதற்குள் கதவு உள்ளேயிருந்து திறந்தது. மூக்குக் கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர் ஒருவர் கையில் காகிதத்தோடு நின்றார். பின்னால் பழைய பார்சல்களின் குவியல், ஒரு முக்காலி, நிறையப் புத்தகங்கள், பிளாஸ்டிக் உறை பிரிக்காத புதுச் சூட்கேஸ் ஒன்று.

"'எலி உண்டு என்பதற்கு இந்தக் குழாயே ஆதாரம்.' இதை எழுதினது யாரு?"

"நான்தான் சார்" என்றார் சித்தி.

பேராசிரியர் தோளைத் தொங்கப்போட்டார். "விசா கிடைக்கலைம்மா. பிரிவு உபசாரம் முடிஞ்ச மறுநாள் தகவல் வந்தது. அத்தனை பேர் பேசி, போட்டோ எடுத்து, சூட்கேஸும் வாங்கினப்புறம் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுத் திரும்பி வர்றது? புத்தகமாவது எழுதுவோம்னு இந்த அறையைத்தான் மாற்று முகவரியாக் குடுத்தேன்."

"வீட்டுல தெரியாதா சார்?" என்றான் வால்.

"தெரியாம என்ன? தினமும் சாப்பாடு கட்டிக் குடுத்து, 'வெளிநாட்டுக்குப் போயிட்டு ஆறு மணிக்குள்ள வந்துடுங்க'ன்னு அனுப்பறா. ஹெல்மெட் போட்டுக்கிட்டு வருவேன், ஹெல்மெட்டோட போவேன்."

சித்தி அஞ்சலறையின் வாசல் கதவில் ஒட்டியிருந்த உத்தரவைக் காட்டி, விடைத்தாள் கட்டைப் பற்றிச் சொன்னார். பேராசிரியரின் முகம் வெளுத்தது.

"தபாலம்மாவுக்கா? சஸ்பெண்டா? அந்தக் கட்டைத் திருத்தி எப்பவோ பதிவாளருக்கு அனுப்பிட்டேனே!"

"பழுப்புத் தாள் சுத்தி ஒண்ணு குடுத்தீங்களே, அதுவா சார்?" தபாலக்கா தலையில் கை வைத்தார். "நானே கொண்டுபோய் அவர் உதவியாளர்கிட்ட குடுத்தேன். உள்ள என்னன்னு கேக்கற வழக்கம் எனக்கு இல்லை."

"அனுப்புநர்னு என்ன எழுதினீங்க?" சித்தி கேட்டார்.

"ஒண்ணும் எழுதலை. நான்தான் இங்க இல்லையே?"

வால் துள்ளினான். "மேடம்! பேர் இல்லாட்டிப் பிரிக்கக் கூடாது. அப்படியே வெச்சுடணும்!"

"எங்க வெச்சாங்கன்னும் தெரியும்" என்றார் சித்தி. "ஆனா அனுப்பினவர் வந்து சொன்னாத்தான் பதிவாளர் நம்புவார். சார், சுவருக்கு இந்தப் பக்கம் இவ்வளவு கூத்து நடக்குதே, உங்க காதுல விழலையா?"

"நான் பதினேழாம் நூற்றாண்டுல இருந்தேன்" என்றார் பேராசிரியர் பரிதாபமாக. முக்காலியைப் பார்த்தார். புத்தகங்களைப் பார்த்தார்.

"நீங்க உள்ளயே இருங்க சார்" என்றார் தபாலக்கா. "ஒருத்தர் நம்பிக் குடுத்த முகவரி. என்னால வெளிய தெரிஞ்சதா இருக்க வேண்டாம்."

அதைக் கேட்டதும் பேராசிரியர் சட்டையை உள்ளே விட்டு இறுக்கிக்கொண்டார். "தம்பி, அந்தச் சூட்கேஸை எடு. நான் ஊர் திரும்பிட்டேன்."

வால் சூட்கேஸைத் தூக்கினான். இறகு மாதிரி வந்தது. "சார், காலியா இருக்கு."

"அதுல போட என்கிட்ட என்ன இருக்கு? கனமா இருக்கற மாதிரி நட."

வால் ஒரு பக்கம் சாய்ந்து நடந்தான்.

*

நான்கு மணிக்குக் கொஞ்சம் முன்னால் நான்கு பேரும் பதிவாளர் அறைக்குள் நுழைந்தார்கள். பேராசிரியரைப் பார்த்ததும் பதிவாளர் நிமிர்ந்தார்.

"எப்ப வந்தீங்க?"

"இப்பதான், நேரா இங்கதான் வர்றேன்" என்றார் பேராசிரியர். அதில் பொய் இல்லை. "அந்த விடைத்தாள் கட்டைத் திருத்தி உங்களுக்கு அனுப்பியிருந்தேனே?"

"எனக்கா? ஒரு கட்டும் வரலை! இந்தம்மா சொல்லிக் குடுத்துப் பேசறீங்களா?"

"சார்" என்று சித்தி குறுக்கிட்டார். "காலைல மாதிரி ஒரு தடவை கோபப்படுங்களேன்."

"என்ன?"

"கோபப்படுங்க சார்."

"என்னம்மா விளையாடறீங்களா?" பதிவாளர் உதைத்தார். பொத், பொத்.

"மொசைக் தரையில ஷூ பட்டா டக்குனு கேக்கணும் சார். உங்க காலுக்குக் கீழ இருக்கறது தரை இல்லை."

வால் மேசையைச் சுற்றிப் போய்க் குனிந்தான். பழுப்புத் தாள் சுற்றிய கனமான கட்டு ஒன்றை இழுத்து மேசைமேல் வைத்தான். மேலே பதிவாளரின் பெயர் தெளிவாக இருந்தது. அனுப்புநர் இடம் காலி. பெயருக்குக் குறுக்கே இரண்டு ஷூத் தடங்கள். கட்டு போனதும் பதிவாளரின் கால்கள் அந்தரத்தில் தொங்கின.

வாசலிலிருந்து உதவியாளர் எட்டிப் பார்த்தார். "பேர் இல்லைங்க சார். பிரிக்கலை. உங்க காலுக்குத் தரை எட்டலையேன்னு அங்க வெச்சேன்."

பதிவாளர் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் புருவம் மெல்ல உயர்ந்தது. "நீங்க வெளிநாட்டுலேர்ந்துதானே அனுப்பியிருக்கணும். இதுல ஸ்டாம்ப் ஒண்ணுகூட இல்லையே?"

பேராசிரியர் கூரையைப் பார்த்தார். வால் சூட்கேஸைக் கை மாற்றிக்கொண்டு முனகினான்.

"எங்கேயிருந்து வந்ததுன்னு சொல்றதுக்கு எனக்கு வழக்கம் இல்லைங்க சார்" என்றார் தபாலக்கா.

"சொல்லணும்னா எல்லாத்தையும் சொல்லணும்" என்றார் சித்தி. "எங்கேயிருந்து வந்தது, யார் அறையில, யார் காலுக்கடியில இருந்ததுன்னு."

பதிவாளர் ஷூத் தடங்களைக் கைக்குட்டையால் துடைத்தார். அவை போகவில்லை. "கட்டு கிடைச்சாச்சு இல்லையா, அது போதும்" என்றார்.

அன்று மாலை அஞ்சலறைக் கதவிலிருந்த உத்தரவு கிழிக்கப்பட்டது. பேராசிரியர் மறுநாள் பணியில் சேர்ந்தார். கால அட்டவணைக் குழுவில் போடப்பட்டார். பதிவாளர் அறைக்கு ஒரு கால்பலகை வந்தது. தேர்வு முடிவு வெள்ளிக்கிழமை வெளியானது. தபாலக்காவின் மகள் வரலாற்றில் மட்டும் தேறவில்லை.